வராதவர்களைப் பற்றிப் பேசுவோம்: நர்சம்மாவிடம் கேள்வி பதில்

உசிலம்பட்டி, சேடப்பட்டி பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலையில் சேர்ந்து, சமுதாய நலச் செவிலியராக ஓய்வு பெற்றவர் நம் நர்சம்மா. வசதியானவருக்கும் ஏழைக்கும் உடம்பு விஷயத்தில் ஏன் இவ்வளவு தூரம், அதைக் குறைக்க ஆராய்ச்சியும் முன்தடுப்பும் ஊர்க்காரர்களும் என்ன செய்ய முடியும் என்று கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் சிலவும் அவர் பதில்களும்.

செக்கானூரணியிலிருந்து ஒரு தம்பி: ஆஸ்பத்திரி இலவசம், மாத்திரை இலவசம், காப்பீட்டு அட்டையும் இருக்கு. அப்புறமும் ஏழை ஜனங்கதான் சீக்கிரம் போய்ச் சேருறாங்க. ஏன் நர்சம்மா?

மாத்திரைக்குத்தான் தம்பி விலை இல்லை. அதை வாங்கப் போகிற நாளுக்கு விலை இருக்கிறது. திருமங்கலம் பக்கம் மல்லி பறிக்கிற பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டாகப் பறித்தால்தான் மாட்டுத்தாவணியில் விலை போகும். அதனால் விடியும் முன்பே தோட்டத்தில் நிற்பார். கிளம்பும்போது ஒரு கடுங்காப்பி. பறித்து, எடை போட்டு, கூலி வாங்கிக்கொண்டு சர்க்கரைச் சோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால் சீட்டுப் போடுகிற நேரம் முடியப்போகும். "காப்பி குடிச்சிட்டியா? நாளைக்கு வெறும் வயித்துல வாம்மா" என்பார்கள். நாளைக்கும் பூ பூக்குமே, அதை யார் பறிப்பது?

பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் டிக்கெட் இல்லை. பெரிய உதவிதான். ஆனால் போன கூலியை எந்த பஸ்ஸும் திருப்பித் தராது.

பிரஷர், சர்க்கரை போன்றவற்றைக் கணக்கெடுக்க 2020இல் தமிழ்நாடு முழுக்க எடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வைப் பாருங்கள். பிரஷர் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம், சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம். மருந்து இல்லாத மாநிலமா நம்முடையது? மருந்துக்கும் மனிதருக்கும் நடுவில் இருந்த தூரம்தான் காரணம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வந்தது இதற்காகத்தான். சுய உதவிக் குழுவிலிருந்து எடுத்த பெண்களே வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு நல்ல ஏற்பாடு. திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போய்விட்டவர்களின் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்? அந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை.

மதுரையில் முதுகலை படிக்கும் மாணவி: ஆராய்ச்சி என்றால் கட்டுரை எழுதிப் பட்டம் வாங்குவது என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள் மேடம். உண்மையில் ஏழைகளுக்கு அதனால் ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, அதுவும் நம் பக்கத்திலேயே. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உங்களுக்குத் தெரியும். ஊர் ஊராகக் கண் முகாம் போட்டார்கள், கூட்டமும் வந்தது. கூட்டத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டு நின்றிருக்கலாம். ஆனால் வராதவர்கள் எத்தனை பேர் என்று கிராமங்களில் ஒரு ஆய்வு எடுத்தார்கள். 1999இல் வெளிவந்தது. கண்ணில் கோளாறு உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் 100க்கு 7 பேர்கூட இல்லை! ஆபரேஷன் என்றால் பயம், போக்குவரத்துச் செலவு, வீட்டையும் மாட்டையும் யார் பார்ப்பது என்ற கவலை, "வயசானா கண்ணு மங்கத்தானே செய்யும்" என்ற எண்ணம்.

முகாம் என்பது வந்து போகிற விஷயம், பக்கத்திலேயே நிரந்தரமாக ஒரு இடம் வேண்டும் என்று சின்னச் சின்னப் பார்வை மையங்கள் பிறகு வந்தன. பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைச் சோதிப்பார்கள், டாக்டர் கம்ப்யூட்டர் வழியாகப் பேசுவார். நான் அறிந்தவரை, வராதவரை எண்ணிப் பார்ப்பதுதான் இந்தத் துறையில் உருப்படியான ஆராய்ச்சி. வந்தவர் கணக்கு ஆண்டறிக்கைக்கு ஆகும்.

இன்னொன்றும் சொல்கிறேன். திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,000க்கும் மேற்பட்ட சின்னக் குழந்தைகளை வைத்து அரவிந்த் குழுவினர் ஒரு ஆய்வு நடத்தினார்கள். 1990இல் முடிவு வந்தது. வாராவாரம் சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்த குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், வைட்டமின் ஏ கொடுக்காத குழந்தைகளின் வீட்டுக்கும் அதே மாதிரி வாராவாரம் ஆள் போனார்கள். ஆகவே ஆள் போனதால் வந்த வித்தியாசம் என்று யாரும் தள்ளிவிட முடியாது. அந்த நேர்மை இருந்தால்தான் அது ஆராய்ச்சி.

கொட்டாம்பட்டியிலிருந்து: எங்க அம்மாவுக்கு 48 வயசு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்குக் கூப்பிட்டா, எனக்கு ஒண்ணும் இல்லைன்னு வர மறுக்கிறாங்க. என்ன சொல்லிக் கூட்டிப் போறது?

பயத்தைவிடக் கூச்சம்தான் அதிகம் இருக்கும். அதனால் உள்ளே என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திரை போட்ட அறை, பார்ப்பவர் பெரும்பாலும் பெண் செவிலியர். படுக்கச் சொல்லி, சின்னக் கருவி வைத்து, வினிகரில் உள்ள அதே அமிலத்தை நீர்க்கக் கலந்து பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவுவார்கள். லேசாகச் சுரீரென்று இருக்கலாம். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். வெள்ளையாகத் திட்டுத் தெரிந்தால் அடுத்த சோதனைக்கு அனுப்புவார்கள். வெள்ளைத் திட்டு என்றாலே புற்றுநோய் இல்லை, இதை அழுத்திச் சொல்லுங்கள். பாதிப் பேர் அந்த இடத்தில்தான் பயந்து அடுத்த சோதனைக்குப் போகாமல் நின்றுவிடுகிறார்கள்.

"இந்தச் சாதாரணச் சோதனையில் என்ன தெரியப்போகுது" என்று யாராவது சொன்னால், பக்கத்து திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையைச் சொல்லுங்கள். 30 முதல் 59 வயதுப் பெண்கள் 49,000 பேரைச் செவிலியர்கள் அழைத்தார்கள். 100க்கு 63 பேர் வந்தார்கள். 2007இல் வந்த முடிவு: அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோயால் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. பெரிய மிஷின் எதுவும் கிடையாது. பஞ்சும் அமிலமும் பயிற்சி பெற்ற செவிலியரும்தான்.

அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள். பக்கத்து வீட்டு அத்தையையும் சேர்த்துக் கூட்டிப் போங்கள், பேச்சுத் துணைக்கு ஆளிருந்தால் கிளம்பிவிடுவார்கள்.

பேரையூரிலிருந்து: ஆம்பளைங்க ஏன் கேம்புக்கு வர்றதே இல்லை?

பகல் பத்து மணிக்கு முகாம் போட்டால் எந்த ஆம்பளை ஊரில் இருப்பார்? சாயங்காலம் டீக்கடைக்கு எதிரில் பிரஷர் மிஷினோடு உட்காருங்கள், வருவார்கள்.

திருப்பரங்குன்றம் பக்கமிருந்து ஒரு அக்கா: ரெண்டு வருஷம் முந்தி ஒரு குழு வந்து ரத்தம் எடுத்தாங்க, கையெழுத்து வாங்கினாங்க. அதுக்கப்புறம் ஆளையே காணோம். மறுபடி யாராவது வந்தா ரத்தம் கொடுக்கலாமா?

கொடுங்கள், ஆனால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். யார் நடத்துகிறார்கள், ஆய்வு ஜனங்களுக்குக் கெடுதல் செய்யாதா என்று பார்க்கிற எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, ரத்தத்தில் என்ன பார்ப்பார்கள், முடிவை எப்போது, யார் வந்து சொல்வார்கள் என்று கேளுங்கள். தமிழில் தகவல் தாள் தர வேண்டும், அதில் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தம் இல்லாத ஒருவர் சாட்சியாக இருக்க, அதை வாசித்துக் காட்ட வேண்டும். பாதியில் "வேண்டாம்" என்று சொல்லவும் உரிமை உண்டு. அதனால் உங்கள் வைத்தியம் ஒன்றும் நிற்காது, நிறுத்தவும் கூடாது.

முடிவு சொல்லாமல் போனவர்களால் அடுத்து வருகிற நல்ல குழுவுக்கும் கதவு சாத்தப்படுகிறது. ஒரே தெருவில் வருஷா வருஷம் கேள்வித்தாளோடு வந்து நின்றால் ஜனங்களுக்கு அலுக்காதா? ஆய்வு மாணவர்கள் இதைப் படித்தால், முடிவை முதலில் அந்த ஊர் மந்தையில் சொல்லிவிட்டு அப்புறம் மாநாட்டுக்குப் போங்கள்.

அலங்காநல்லூர் பக்கம் ஒரு ஆசிரியர்: எங்கள் ஊரில் முகாம் நடத்த இடம் தேடுகிறோம். கோயில் மண்டபம் பெரிசாக, நிழலாக இருக்கிறது. சரியாக இருக்குமா?

சார், உங்கள் ஊர்க் காலனி ஜனங்கள் சாதாரண நாளில் அந்த மண்டபத்தில் ஏறி உட்காருவார்களா? உட்காருவார்கள் என்றால் தாராளமாக நடத்துங்கள். இல்லையென்றால் அன்றைக்கு மட்டும் எப்படி வருவார்கள்? நிறைய ஊர்களில் பார்த்திருக்கிறேன். மைக்கில் "அனைவரும் வருக" என்று கூப்பிடுவார்கள், ஒரு தெரு முழுக்க வராது, "அவங்களுக்கு அக்கறை இல்லை" என்று குறிப்பு எழுதிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் வையுங்கள், அல்லது காலனி அங்கன்வாடியில் வைத்து மற்ற தெருக்காரர்களை அங்கே வரச் சொல்லுங்கள். இரண்டாவது வழிக்கு உங்களுக்கு எதிர்ப்பு வரும். வரட்டும்.

மேலூரிலிருந்து: கல் குவாரியில வேலை பார்க்கிற அண்ணனுக்கு டிபி. மாத்திரை தர்றாங்க. வீட்டுல தனியா வைக்கணுமா? சாப்பாடு?

டிபி நோயாளியை ஊரைவிட்டுத் தள்ளி சானடோரியம் என்ற தனி ஆஸ்பத்திரியில் வைத்த காலம் ஒன்று இருந்தது. 1950களில் சென்னையில் நடந்த ஆய்வுதான் அதை மாற்றியது. நெருக்கமான ஏழை வீடுகளில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் இருந்ததால் குடும்பத்துக்குக் கூடுதலாகப் பரவவும் இல்லை. ஆகவே ஒதுக்க வேண்டாம். காற்றோட்டம், இருமும்போது வாயில் துணி, ஒருநாள் விடாமல் மாத்திரை. வீட்டில் மற்ற எல்லாரும் சோதனை செய்துகொள்ளுங்கள், முக்கியமாகக் குழந்தைகள்.

சாப்பாடு மருந்துக்குச் சமம். ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு 2023இல் வந்தது. நோயாளி வீட்டாருக்கு மாதாமாதம் உணவுப்பொருள் கொடுத்ததில், அவர்களுக்குப் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிக்கு அரசு தருகிற மாதம் 1,000 ரூபாய் அண்ணன் வங்கிக் கணக்கில் ஏறுகிறதா என்று பாருங்கள். முட்டை, பயறு, கடலை வாங்குங்கள். மாதாமாதம் எடை பார்க்கச் சொல்லுங்கள். எடை ஏறவில்லை என்றால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். குவாரித் தூசி தனியாக நுரையீரலைக் கெடுக்கும், அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வாடிப்பட்டியிலிருந்து ஒரு மாசமான தங்கை: இரும்புச்சத்து மாத்திரை போட்டா வயித்தைப் புரட்டுது. போடாம விட்டா என்ன?

விடாதே கண்ணு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ராத்திரி சாப்பிட்ட பிறகு போட்டுப் படுத்துக்கொள். டீ, காப்பியோடு வேண்டாம், கால்சியம் மாத்திரையோடும் வேண்டாம். மலம் கருப்பாகப் போகும், அது சகஜம். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உங்கள் நர்சிடம் உண்மையைச் சொல். மாத்திரையைப் பரண் மேல் போட்டுவிட்டு "போட்டேன்" என்று சொன்னால் உனக்கு ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றலாம் என்பது அவருக்கு எப்படித் தோன்றும்?

உசிலம்பட்டி பக்கம் ஒரு வார்டு உறுப்பினர்: கிராமசபையில் சுகாதாரம் பற்றிப் பேச வேண்டும். என்ன கேட்பது?

"ஆஸ்பத்திரி வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள், "பரிசீலிக்கப்படும்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். நம் ஊரில் பிரஷர், சர்க்கரைக்குப் பெயர் பதிந்தவர்கள் எத்தனை, போன மூன்று மாதம் மாத்திரை வாங்காதவர்கள் எத்தனை, அவர்கள் எந்தத் தெரு என்று கேளுங்கள். பெயரைச் சபையில் வாசிக்க வேண்டாம், தெரு போதும். செவிலியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள், அவர் ஒருத்தி பல ஊரைப் பார்க்கிறார்.

கிராம சுகாதாரக் குழுவுக்கு வருஷத்துக்கு 10,000 ரூபாய் வரை நிதி உண்டு. போன வருஷம் எதற்குச் செலவானது என்று கேளுங்கள். பெரும்பாலும் பிளீச்சிங் பவுடர் என்று பதில் வரும். வருஷத்தில் ஆறு கிராமசபை நடக்கிறது, ஜனவரி 26இல் கேட்டதற்கு மார்ச் 22இல் பதில் கேட்கலாம். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.