நொச்சியும் நேர்காணலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

தென்காசிப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. விலங்கியல் முடித்து, சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றிருக்கிறேன். முனைவர் பட்டத்துக்காக இரண்டு ஆய்வு நிறுவனங்களில் நேர்காணலுக்குப் போனேன். இரண்டிலும் கிடைக்கவில்லை.

இரண்டு இடத்திலும் முதல் கேள்வி என் எம்.எஸ்சி. ஆய்வேட்டைப் பற்றித்தான். நொச்சி இலைச் சாறு டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்களைக் கொல்கிறதா என்று பார்த்த சாதாரண வேலை அது. எல்லாக் கல்லூரியிலும் யாராவது ஒருவர் செய்வது. சொல்லவே கூச்சமாக இருந்தது. “ஏன் நொச்சி?” என்று கேட்டார்கள். “சார் கொடுத்த தலைப்பு” என்றேன். அதன் பிறகு அவர்கள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அடுத்த முறை ஆய்வேட்டைப் பற்றிப் பேசாமல் தப்பிக்க வழி உண்டா? வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கலாமா? பரிந்துரைக் கடிதம் கேட்டால், “நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்” என்கிறார் சார். வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள்.

எம்.

அன்புள்ள எம்,

நெட் தேர்வின் உயிர் அறிவியல் தாள் எளிதானதல்ல. 200 மதிப்பெண்ணில் பாதி, யோசித்து விடை காண வேண்டிய மூன்றாம் பகுதியில் இருக்கிறது. தவறான விடைக்கு மதிப்பெண்ணும் போகும். அதில் ஜே.ஆர்.எஃப். வாங்கியவருக்குப் பாடம் தெரியாது என்று எந்தக் குழுவும் நினைக்காது. நீங்கள் தடுக்கி விழுந்தது பாடத்தில் அல்ல. உங்கள் கையால் செய்த வேலையை நீங்களே வேண்டாம் என்று தள்ளிவிட்டீர்கள். அந்த அறையில் அதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை.

நேர்காணல் குழுக்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆய்வேடு எவ்வளவு பெரியது, எந்தக் கருவியில் செய்தது என்பதை அங்கே யாரும் எடை போடுவதில்லை. இந்தப் பெண் தான் செய்ததைப் பற்றி யோசித்திருக்கிறாளா என்பதுதான் கேள்வி. ஐந்தாறு ஆண்டுகள் ஒருவரை ஆய்வகத்தில் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் வேறு எதைப் பார்ப்பார்கள்?

“ஏன் நொச்சி?” என்ற கேள்விக்கு உங்கள் வீட்டிலேயே பதில் இருந்தது. நம் ஊர்களில் மாலையில் நொச்சி இலையைப் போட்டுப் புகை மூட்டுவார்கள், கொசு போக. அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னவுடன் அடுத்த கேள்வி தானாக வந்திருக்கும்: புகை விரட்டுவது பறக்கும் கொசுவை, புழு இருப்பதோ தண்ணீருக்குள். ஒன்றை விரட்டுகிற பொருள் இன்னொன்றைக் கொல்லும் என்று ஏன் எதிர்பார்க்க வேண்டும்? இது உண்மையான அறிவியல் கேள்வி. தலைப்பு சார் கொடுத்ததாகவே இருக்கட்டும், இந்தக் கேள்வி உங்களுடையது.

இன்னும் உள்ளே போவோம். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி ஒரு குவளைக்கு 25 புழுக்கள், புழு வளர்ச்சியின் மூன்றாம் பருவக் கடைசியிலோ நான்காம் பருவத் தொடக்கத்திலோ உள்ளவை, 24 மணி நேரம் கழித்துச் செத்தவற்றை எண்ணுவது. நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள். சாறு சேர்க்காத கண்ட்ரோல் குவளையில் எத்தனை செத்தன? 5 முதல் 20 சதவீதம் வரை என்றால் பூச்சியியலாளர் ஆபட் 1925இல் தந்த சூத்திரத்தால், தானாகச் செத்தவற்றுக்கு ஏற்ப முடிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் போனால் அந்தச் சோதனையையே தள்ளிவிட வேண்டும். ஏன் தள்ள வேண்டும் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். சாற்றை எத்தனாலில் எடுத்தீர்களா? அப்படியானால் கண்ட்ரோல் குவளையில் வெறும் தண்ணீர் போதாது, அதே அளவு எத்தனால் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கொன்றது நொச்சியா எத்தனாலா என்று எப்படிச் சொல்வீர்கள்? புழுக்கள் ஆய்வகத்தில் வளர்த்தவையா, தெருவோரத் தொட்டியில் எடுத்தவையா? தொட்டிப் புழு என்றால் அதன் முன்னோர்கள் நகராட்சி ஊற்றும் அபேட் என்ற புழுக்கொல்லி மருந்தைப் பல தலைமுறைகளாகச் சந்தித்து, தாங்கும் திறன் பெற்றிருக்கலாம். அது உங்கள் முடிவை மாற்றுமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. ஏடிஸ் புழு வால் பக்கமுள்ள சுவாசக் குழாயை நீர்ப்பரப்பில் நீட்டி, தலைகீழாகத் தொங்கியபடி மூச்சு விடுகிறது. இலைச் சாற்றில் எண்ணெய்ப் பொருள்கள் இருந்தால் அவை மேலே படலமாகப் படரும். அப்போது புழு செத்தது நஞ்சாலா, மூச்சு முட்டியா? மண்ணெண்ணெய் ஊற்றிக் கொசுப்புழுவைக் கொல்லும் பழைய முறையை நினைத்துப் பாருங்கள். பிரித்துப் பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். புழுக்களைச் சிறிது நேரம் மட்டும் சாற்றில் வைத்து, சாகும் முன்பே எடுத்து, கழுவி, சுத்தமான தண்ணீரில் விடுங்கள். மூச்சு முட்டியது மட்டும்தான் காரணம் என்றால் பெரும்பாலானவை தேறிவிடும். சுத்தமான தண்ணீரிலும் அவை தொடர்ந்து சாகுமானால், நஞ்சு உடலுக்குள் போயிருக்கிறது என்று சந்தேகிக்க இடம் உண்டு. அதன் பக்கத்தில் நஞ்சில்லாத எண்ணெயால் படலம் போட்ட குவளை ஒன்றையும் வையுங்கள். இதைக் கரும்பலகையில் ஐந்து நிமிடம் வரைந்து காட்டும் மாணவியை நான் எந்தக் குழுவிலும் கைநழுவ விடமாட்டேன்.

ஆகவே ஆய்வேட்டிலிருந்து தப்பிக்க வழி கேட்காதீர்கள். அதை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கத்திலும் “ஏன் இப்படிச் செய்தேன், வேறு எப்படிச் செய்திருக்கலாம்” என்று எழுதுங்கள். சரியாக வராத சோதனைகளையும் எழுதுங்கள். அவற்றை மறைக்க நினைக்க வேண்டாம், குழுவில் இருப்பவர்கள் எல்லோருக்கும் சோதனைகள் சொதப்பியிருக்கின்றன. ஆங்கிலம் தடுமாறினால் படம் வரையுங்கள், சின்ன வாக்கியங்களில் பேசுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று தொடருங்கள்.

வெளிநாட்டைப் பற்றி. அமெரிக்காவில் உயிரியல் துறைகள் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்தில் விண்ணப்பத்தை மூடுகின்றன. பல துறைகள் ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வைக் கேட்பதை விட்டுவிட்டன. பொதுவாக மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். சேர்ந்த பிறகு முதல் ஆண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வேலை செய்து பார்த்து, அதன் பிறகே நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. உங்களைப் போல ஒரே ஆய்வகத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அது பெரிய வரம். விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றும் நம் கணக்குக்குப் பல ஆயிரம் ரூபாய், அதனால் பத்துப் பதினைந்து இடங்களுக்கு அனுப்பாதீர்கள். கட்டண விலக்கு கிடைக்குமா என்று துறை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. ஐரோப்பாவில் பல இடங்கள் குறிப்பிட்ட ஒரு திட்டத்துக்கு ஆள் தேடி விளம்பரம் செய்பவை. அந்தத் திட்டத்தைப் படிக்காமல் அனுப்பும் விண்ணப்பம் வீண்.

எங்கே எழுதினாலும், நிறுவனத்தின் பெயருக்கு முன்பாக அங்கிருப்பவர்களின் கட்டுரைகளைப் படியுங்கள். நைரோபியில் பிறந்து டப்ளினின் டிரினிட்டி கல்லூரியில் படித்த வெரோனிகா ரோட்ரிக்ஸ், உயிரியலாளர் ஒபைத் சித்திக்கியின் ஆய்வால் கவரப்பட்டு அவருக்குக் கடிதம் எழுதித்தான் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தார். இருவரும் சேர்ந்து பழ ஈ எப்படிச் சுவையும் மணமும் அறிகிறது என்பதை மரபியல் வழியாக ஆராய்ந்தார்கள். பெங்களூரில் இன்று பெயர்பெற்ற தேசிய உயிரியல் அறிவியல் மையம் சித்திக்கி நிறுவியது; ரோட்ரிக்ஸும் பிறகு அங்கே பணியாற்றினார். ஒரு நல்ல கடிதம் அவ்வளவு தூரம் போகும். நீங்கள் எழுதும்போது “சிறு வயது முதலே உயிரியலில் ஆர்வம்” என்று தொடங்காதீர்கள். மூச்சா நஞ்சா என்ற கேள்வியோடு தொடங்குங்கள்.

பரிந்துரைக் கடிதத்தை நீங்களே எழுதாதீர்கள். மாணவி தன்னைப் பற்றி எழுதிய கடிதம் படிப்பவருக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும். அது நேர்மையும் அல்ல. சாருக்கு நேரமில்லை என்பதும் எனக்குப் புரிகிறது. ஒரு பக்கத்தில் நீங்கள் செய்த வேலைகளை வரிசையாக எழுதிக் கொடுங்கள்: எத்தனை செறிவுகளில் சோதித்தீர்கள், எதை மறுபடி செய்தீர்கள், எந்தச் சிக்கலை நீங்களே தீர்த்தீர்கள். அதைப் பார்த்து அவர் தன் வார்த்தையில் எழுதட்டும். அப்போதும் மறுத்தால், செய்முறை வகுப்பில் உங்களை அருகிலிருந்து பார்த்த வேறு ஆசிரியரிடம் போங்கள்.

வீட்டில் பணக்கணக்கைச் சொல்லிப் பேசுங்கள். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து மூத்த நிலைக்கு உயர்ந்தால் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. பி.எட். படிப்பு எங்கும் ஓடிவிடாது, ஜே.ஆர்.எஃப்.க்கோ காலக்கெடு உண்டு. ஜே.ஆர்.எஃப். வழங்கிய கடிதத்தில் உள்ள தேதியை இன்றே பார்த்து, அதற்குள் சேர வேண்டிய இடங்களுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தோடு வைக்கும் நோக்க அறிக்கையின் முதல் வரைவை எனக்கு அனுப்பினால் படித்துவிட்டு எழுதுகிறேன்.