அழுததைத் தவிர புனித மோனிக்கா என்ன செய்தார்?

“மகனுக்காக அழுததைத் தவிர புனித மோனிக்கா என்ன செய்தார், அதற்காகவா ஒருவரைப் புனிதராக வணங்குவது?” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ அவருக்கு நவநாள் செபம் (ஒன்பது நாள் வேண்டுதல்) சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் உங்களுக்காக. இல்லாவிட்டால் கேள்வியில் இவ்வளவு எரிச்சல் இருக்காது. நானும் அப்படி எரிந்து விழுந்தவன்தான்.

மோனிக்கா பிறந்த தகாஸ்தே, இன்றைய அல்ஜீரியாவின் சூக் அஹ்ராஸ். மகன் அகுஸ்தீன், பின்னாளில் ஆயரும் புனிதருமானவர், இளமையில் நன்மை, தீமை என்று இரு சக்திகளை நம்பிய மானிக்கேய மதத்தில் சேர்ந்துவிட்டார். 383-இல் ரோமுக்குக் கப்பலேறக் கிளம்பியவரைத் தாய் கார்த்தேஜ் கடற்கரைவரை தொடர்ந்து வந்து, போகாதே, போனால் என்னையும் கூட்டிப்போ என்று பிடித்துக்கொண்டார். அகுஸ்தீன் என்ன சொன்னார் தெரியுமா? நண்பன் ஒருவன் காற்றுக்காகக் காத்திருக்கிறான், அவனை வழியனுப்பிவிட்டு வருகிறேன் என்றார். பக்கத்திலிருந்த புனித சிப்ரியான் கோவிலில் தாயைத் தங்க வைத்தார். அவர் அங்கே செபித்துக்கொண்டிருந்த இரவில் கப்பல் போய்விட்டது. இதை எழுதிவைத்தவர் பொய் சொன்ன அந்த மகனேதான்.

நான் சொன்னதும் அதே பொய். 1994-இல், நண்பனைப் பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று சொல்லி, கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணத்தோடு தூத்துக்குடியிலிருந்து மும்பைக்குப் போய்விட்டேன். அம்மா பத்து மணிவரை வாசலைப் பார்த்துவிட்டு, என் பங்குச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தாளாம். மறுநாளும் அதை யாரையும் தொடவிடவில்லை என்று தங்கை பிறகு சொன்னாள். அங்கே நான் குடித்துச் சீரழிந்ததை விரித்து எழுத மனமில்லை. எப்படியோ முகவரி கிடைத்ததும் மாதம் ஓர் இன்லண்ட் லெட்டர் வரத் தொடங்கியது. முழுக்க ஊர்ச் செய்தி. திரும்பி வா என்று ஒரு வரிகூட இருக்காது. ஒட்டும் விளிம்புக்குப் பக்கத்தில் மட்டும் பொடி எழுத்தில், “சோறு இருக்கிறது” என்று எழுதியிருப்பாள். நான்கு வருடம் நான் பதில் போடவில்லை.

மோனிக்கா அழுதார் என்பது உண்மை. தொல்லை தாங்காத ஆயர் ஒருவர், இத்தனை கண்ணீருக்குப் பிறந்த பிள்ளை அழிந்துபோக முடியாது என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தார். ஆனால் அழுது முடித்து மகனைத் தேடிக் கப்பலேறியவரும் அவர்தான். நடுக்கடலில் புயல் அடித்தபோது மாலுமிகளுக்கே தைரியம் சொன்னார். 386-இல், மகன் அப்போது இருந்த மிலானில் அரசி யுஸ்தீனாவின் தரப்பு கோவிலைப் பறிக்க வந்தபோது, ஆயர் அம்புரோஸோடு உள்ளே விழித்திருந்த மக்களில் அவரும் இருந்தார். 387 பாஸ்காவில் (ஈஸ்டரில்) அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார்.

வணங்குவது பாவம் என்று சிலர் எழுதத்தான் போகிறார்கள். ஆராதனை கடவுளுக்கு மட்டும். புனிதரிடம் நாங்கள் கேட்பது, எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்பதுதான். அகுஸ்தீனோடு வாழ்ந்து பிள்ளை பெற்ற பெண்ணை, வேறு கல்யாணம் பேசி ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பிய கதையையும் யாராவது எடுப்பார்கள். அதில் மோனிக்காவுக்குப் பங்கு உண்டு. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட மகன் எழுதவில்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கை கன்னம் வீங்கி வந்து நின்றபோது, மோனிக்கம்மாளைப் போலப் பொறுத்துக்கொள் என்று ஒரு சாமியார் அறிவுரை சொன்னார். மோனிக்காவின் கணவர் பத்ரீசியுஸ் முன்கோபக்காரர், ஆனால் மனைவியை அடித்ததாக ஒருநாளும் கேள்விப்பட்டதில்லை என்றுதான் அகுஸ்தீன் எழுதியிருக்கிறார். அதைப் படிக்காமல் ஒரு புனிதரை அடி வாங்குவதற்குப் பாதுகாவலி ஆக்குகிறார்கள். தங்கையை நான் போய்க் கூட்டி வந்தேன். அதில் எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை.

ஞானஸ்நானம் நடந்த அதே ஆண்டில், ஊர் திரும்பும் வழியில், ரோமுக்குப் பக்கத்திலுள்ள ஓஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா காய்ச்சலில் இறந்தார். வயது 56. கணவருக்குப் பக்கத்தில் அடக்கமாக வேண்டும் என்று அதுவரை ஆசைப்பட்டிருந்தவர், உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், எங்கிருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். 1945-இல் ஓஸ்தியாவில் மண் தோண்டியபோது அவருடைய கல்லறை வாசகத்தின் உடைந்த கல் கிடைத்தது. உடலின் மிச்சம் 1430-லேயே ரோமுக்குப் போய்விட்டது; இப்போது அங்கே மகன் பெயரிலுள்ள கோவிலில் இருக்கிறது.

1998-இல் நான் ஊர் திரும்பினேன். அம்மா எதையும் கேட்காமல் தட்டை எடுத்து வைத்தாள். அவள் இறந்து ஒன்பது வருடமாகிறது. ஆகஸ்ட் 27, மோனிக்கா திருநாள் பூசைக்கு ஒவ்வொரு வருடமும் அவள் பெயரை எழுதிக் கொடுக்கிறேன்.