செட்டிநாட்டுப் பழைய வீட்டுக் கூரையில் சோலார் போட்டால் கார்பன் கிரெடிட் விற்றுக் காசு பார்க்க முடியுமா?

முடியாது என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் இதே கேள்வியை எங்கள் பெரியப்பச்சி (பெரியப்பா) கேட்டபோது அப்படி முடித்து, அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஏன் முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டு" என்றார். இருபத்திரண்டு வருடம் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதியவன் நான். அவருக்குப் போட்ட கணக்கையே இங்கே தருகிறேன்.

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியேறும் நீளம். கூரையின் பரப்பை யாரும் அளந்ததில்லை. போன வருடம் ஒரு முகவர் வந்து, நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு கூரையை வெயிலில் வீணாகப் போட்டு வைத்திருக்கிறீர்களே" என்றாராம். சோலார் தகடு பொருத்தினால் வருடா வருடம் கார்பன் கிரெடிட் (கரியமில வாயுவைக் குறைத்ததற்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்றிதழ்) பணம் வரும், முதலில் பதிவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும் என்று ஒரு தாளையும் நீட்டியிருக்கிறார். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியாத்தா, "கருவேல மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றால் காசு, தெரியும். கரியே விடாமல் இருந்தால் அதற்கும் காசா?" என்று கேட்டார். முகவருக்குப் பதில் வரவில்லை. உண்மையில் மொத்தச் சந்தையும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

காசு கொடுக்கப்போவது யார்? ஆலைகள்தான். எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தை ஒன்றிய அரசு 2022இல் திருத்தி, 2023 ஜூனில் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை அறிவித்தது. சிமெண்ட், இரும்பு, அலுமினியம், உரம், காகிதம், ஜவுளி முதலிய துறைகளில் பெரிய ஆலைகளுக்கு இலக்கு வைப்பார்கள். ஒரு டன் சரக்கு செய்ய எவ்வளவு கரியமில வாயு வெளியேறலாம் என்பதே அந்த இலக்கு. அதற்குக் கீழே நின்ற ஆலைக்குச் சான்றிதழ் கிடைக்கும், ஒரு சான்றிதழுக்கு ஒரு டன். மேலே போன ஆலை அதை விலை கொடுத்து வாங்க வேண்டும். 2025 அக்டோபரில் முதல் தொகுதியாக நான்கு துறைகளுக்கு இலக்குகளை அறிவித்தார்கள். இலக்கு இல்லாதவர்களும் திட்டம் பதிவு செய்து கிரெடிட் பெறத் தனி வாசல் ஒன்று உண்டு. முகவர் காட்டியது அந்த வாசலைத்தான்.

அந்த வாசலில் நுழைய என்ன செலவு என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. வீட்டுக்குப் பொதுவாகப் போடும் 3 கிலோவாட் சோலாரை எடுத்துக்கொள்வோம். நம் வெயிலுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 12 யூனிட், வருடத்துக்கு 4,380 யூனிட். நாட்டின் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு என்று கொண்டால், வருடம் முழுக்க வெயில் காய்ந்தும் நாம் மிச்சம் பிடிப்பது 3 டன். ஒரு டன்னுக்கு 800 ரூபாய் என்று தாராளமாகவே வைத்தாலும் 2,400 ரூபாய். இதற்கு ஒரு தணிக்கையாளர் வந்து திட்டத்தைச் சரிபார்க்க வேண்டும், பிறகு உற்பத்தியைச் சரிபார்க்க வேண்டும், பதிவேட்டில் கணக்குத் திறக்க வேண்டும். தணிக்கையாளரின் கார் வாடகைக்குக் கூட அந்த 2,400 காணாது. ஐரோப்பாவில் டன்னுக்குப் பல மடங்கு விலை போகிறதே என்பார்கள். போகட்டும். 2021 முதல் ஐரோப்பியச் சந்தை வெளிநாட்டுக் கிரெடிட்டை ஏற்பதில்லை.

இந்த ஆசையை நான் ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வளர்ந்த நாடுகள் கரியமில வாயுவைக் குறைக்க ஒப்புக்கொண்ட கியோட்டோ உடன்படிக்கை 2005இல் நடைமுறைக்கு வந்தபோது, தமிழ்நாட்டுக் காற்றாலைகள் பலவற்றைக் கூட்டாகச் சேர்த்து, அதன் தூய்மை வளர்ச்சி முறையின் கீழ் விற்பதற்குக் கிரெடிட் பெற்றார்கள். எங்கள் ஆலைக்கும் ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் இருந்தன. பேரேட்டில் அந்த வரவுக்கென்று புதிதாக ஒரு தலைப்பே திறந்தேன். 2012 முடிவதற்குள் கிரெடிட்டின் விலை டன்னுக்கு ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்துவிட்டது. தலைப்பு மட்டும் சில வருடம் காலியாகக் கிடந்தது. மெகாவாட் கணக்கில் ஓட்டியவர்களுக்கே அந்த நிலை.

அப்படியானால் கூரை சோலாரில் காசே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது வருவது மின்கட்டண ரசீதில். அந்த ரசீதை எழுதுவது மாநிலம். 2019 சூரிய மின்கொள்கையில் 9,000 மெகாவாட் இலக்கு வைத்தபோதே, அதில் 40 சதவீதம் நுகர்வோர் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்றார்கள். கூரைகளை நம்பித்தான் அந்தக் கணக்கு. அதே மாநிலம் 2016 முதல் எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கொடுக்கிறது. இரண்டும் நல்ல நோக்கங்களே, ஆனால் எங்கள் வீட்டுக் கூரையில் இரண்டும் முட்டிக்கொள்கின்றன.

செட்டிநாட்டில் மிகப்பெரிய கூரை உள்ள வீடுதான் மிகக் குறைவாக மின்சாரம் செலவழிக்கிறது. பெரியப்பச்சியும் பெரியாத்தாவும் புழங்குவது முகப்பை ஒட்டிய இரண்டு அறைகள். வளவில் முற்றத்து வெளிச்சமே போதும். சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் சேர்ந்து சித்திரையிலும் மின்விசிறியோடு நிறுத்திவிடுகின்றன. இரண்டு மாத ரீடிங் பெரும்பாலும் 100 யூனிட்டைத் தாண்டுவதில்லை. கட்டணம் பூஜ்யம். பூஜ்யத்தில் எதை மிச்சம் பிடிப்பது? கல்யாணத்துக்கும் படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) மட்டும் திறக்கிற வீடுகளின் கதையும் இதுதான். (பர்மாத் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து கட்டிய வீட்டைச் சூழலுக்கு உகந்த வீடு என்று சுற்றுலாத் துண்டறிக்கையில் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் மின்கட்டண அட்டையைப் பார்த்தால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.)

சோலார் உண்மையாகவே பலன் தருவது காரைக்குடியில் புதிதாகக் கட்டி மூன்று ஏசி மாட்டிய வீட்டுக்கு. யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் படிநிலைக் கட்டணத்தில், சோலார் முதலில் குறைப்பது மேல்படி யூனிட்டுகளை. 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. தங்கும் விடுதியாக மாறிய மாளிகைகளுக்குக் கட்டணம் அதிகம், ஆகவே மிச்சமும் அதிகம். ஆனால் இந்த மானியம் குடியிருப்புகளுக்கு மட்டும்தான்.

கூரையின் கதை தனி. அடுக்கடுக்காகப் போட்ட நாட்டு ஓட்டின் மேல் தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டகம் பொருத்த முடியாது. ஒரு ஓடு நகர்ந்தால் ஐப்பசியில் வீடு முழுக்கப் பாத்திரம் வைக்க வேண்டும். முகப்பின் மேல் மொட்டை மாடி இருந்தால் 3 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 300 சதுர அடி நிழலில்லாமல் கிடைக்குமா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பின்கட்டு வெளியில் இரும்புத் தூண் நிறுத்தித்தான் போட வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பெரியப்பச்சி முகவருக்குப் பணம் கட்டவில்லை. ஆனால் ஆசையை முழுதாக விடவும் இல்லை. காரைக்குடியிலிருக்கும் மகன் ஓய்வுபெற்று ஊருக்கு வந்து ஏசி போடப்போகிறானாம். "அப்போது கூரை உதவும்தானே?" என்றார். உதவும் என்றேன். மானியத்துக்கு விண்ணப்பிக்க மின் இணைப்பை எடுத்துப் பார்த்தால், அது இன்னும் எங்கள் பாட்டையா பெயரில் இருக்கிறது. அவர் இறந்து நாற்பது வருடம் ஆகிறது. வீட்டில் பன்னிரண்டு புள்ளிகளுக்கு (குடும்பங்களுக்கு) பங்கு. பெயர் மாற்றத்துக்கு எல்லாருடைய சம்மதமும் தேவை. பதினொரு கையெழுத்து வாங்கியாகிவிட்டது. பன்னிரண்டாமவர் பினாங்கில் இருக்கிறார். தை மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.