சாலையோர வரிசை வீட்டில் அமைதி: உங்கள் கேள்விக்குப் பதில்

வணக்கம் ஐயா. கோலாலம்பூரின் ஈப்போ சாலையைப் பார்த்து நிற்கும் உங்கள் 20 அடி அகல வரிசை வீட்டில் மோட்டார் சைக்கிள் இரைச்சல் தாங்கவில்லை என்றும், முன்பக்கம் இரட்டைக் கண்ணாடி போட்டால் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். கண்ணாடிக்கு முன் இடுக்குகளைக் கவனியுங்கள். கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிச் செய்த பட்டைக் கண்ணாடிச் சன்னலை எவ்வளவு இறுக்கி மூடினாலும், காற்று நுழையும் வழியெல்லாம் ஒலியும் நுழையும். சாலைப் பக்கம் கனத்த செங்கல் சுவரே இருக்கட்டும். குளியலறை, மாடிப்படி, அலமாரி ஆகியவற்றை அங்கே வைத்துவிட்டுப் படுக்கையறைகளைப் பின்னுக்குக் கொண்டுபோங்கள்.

முன்பக்கம் சுவராகிவிட்டால், வெளிச்சத்துக்குப் பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளே (கீழே கடை, மேலே வீடு) நல்ல பாடம்: குறுகிய முகப்பு, நீண்ட உட்புறம், நடுவே வானம் பார்த்த முற்றம். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேற, அறைகளின் காற்று அதை நோக்கி நகரும். செட்டிநாட்டு முற்றத்துக்கு அது தூரத்து உறவு என்பேன். ஆனால் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் கோலாலம்பூர். ஆகவே முற்றத்தின் தளத்தை அறைகளைவிட அரையடி தாழ்த்தி, வடிகாலை நோக்கிச் சரித்துக் கட்டச் சொல்லுங்கள். என் வீட்டில் வடிகால் வாயை இலைகள் அடைத்து, ஒரு கை நீர் தேங்கியதிலேயே கொசுப்புழு நெளிந்தது. முற்றத்துக்காகக் கூரையை வெட்டுமுன் மாநகர் மன்றத்தில் வரைபட அனுமதி பெற்றுவிடுங்கள்.