கடைக்கு டேலி, மகளுக்கு சாலிட்வொர்க்ஸ்: ஒரே லேப்டாப் போதுமா?

கரூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பெட்ஷீட், துண்டு மொத்த வியாபாரம் செய்கிறேன். டேலியில் பில் போடவும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யவும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். மகள் இந்த வருடம் கோவையில் பி.இ. மெக்கானிக்கல் சேர்கிறாள், விடுதியில் தங்கப் போகிறாள். கையில் 70,000 ரூபாய் இருக்கிறது. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே நல்ல லேப்டாப் வாங்கிவிடலாமா? தெரிந்த கடைக்காரர், 'ஐ7, 16 ஜிபி ரேம், ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து விற்பது), வெறும் 22,000. புது ஐ3-ஐ விட இது மேல்' என்கிறார். தம்பி மகன், கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் வாங்கவே கூடாது என்கிறான். நண்பர் ஒருவர் மேக்புக் வாங்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"

முதலில் அந்த 'ஒரே லேப்டாப்' யோசனையை விட்டுவிடுங்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவர் என்றால் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரிக் கணக்கான 3பி போட வேண்டும். அன்றைக்கு லேப்டாப் கோவை விடுதியில் இருக்கும், கணக்கும் அதற்குள்ளேயே இருக்கும். தவிர, கடையின் டேலி டேட்டா கல்லூரி மாணவியின் பையில் பஸ் ஏறி இறங்குவது நல்லதல்ல. 70,000 ரூபாயில் இரண்டு மெஷின் வாங்க வழி இருக்கிறது.

கடைக்கு டெஸ்க்டாப் போதும். டேலி கம்ப்யூட்டரிடம் அதிக சக்தி கேட்கிற மென்பொருள் அல்ல. பெரிய நிறுவனங்கள் சில வருடம் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் ஆபீஸ் டெஸ்க்டாப்புகள், குறிப்பாகப் புத்தகம் அளவே இருக்கும் மினி மாடல்கள், ரீஃபர்பிஷ்டு கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஐ5-8500 அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான சேமிப்பகம்) இருந்தால் உங்கள் வேலைக்குத் தாராளம். ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ளதை வாங்க வேண்டாம். மெஷின் மந்தமாக இருக்கிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் அதுதான். மினி டெஸ்க்டாப் பலவற்றில் மானிட்டர் கேபிள் செருக டிஸ்ப்ளேபோர்ட் என்ற ஒரு வகை மட்டும்தான் இருக்கும். உங்களிடம் பழைய மானிட்டர் இருந்தால் அதற்குப் பொருந்தும் கன்வெர்ட்டரையும் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யுபிஎஸ் கட்டாயம். பில் போட்டுக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் டேலி டேட்டா கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. தினமும் கடை சாத்தும்முன் பென் டிரைவில் ஒரு பேக்கப் எடுத்து அதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

மகளுக்குப் புது லேப்டாப்தான். கடைக்கு ரீஃபர்பிஷ்டு சரி என்றவன் மகளுக்கு ஏன் வேண்டாம் என்கிறேன்? டெஸ்க்டாப்பில் பழசாகித் தொல்லை தருகிற பாகங்கள் குறைவு. லேப்டாப்பில் பேட்டரி, மூடி மடங்கும் ஹிஞ்ச், திரை என்று எல்லாமே சேர்ந்து வயதாகும். அதைவிட முக்கியம், உங்களுக்குச் சொன்ன அந்த ஐ7.

கடைக்காரர் சொல்லாமல் விட்டது ஹைஃபனுக்குப் பின்னால் வரும் எண். அந்த விலைக்கு ஐ7 என்றால் பெரும்பாலும் ஐ7-7500யூ போன்ற ஒன்றாகத்தான் இருக்கும். 7500-இல் உள்ள 7 என்பது ஏழாம் தலைமுறை, 2016இல் வந்தது. அதில் இருப்பது இரண்டே கோர் (ப்ராசஸருக்குள் வேலை செய்யும் பகுதி). 2022இல் வந்த ஐ3-1215யூ-வில் ஆறு கோர். 'ஐ3-ஐ விட ஐ7 மேல்' என்பது ஒரே தலைமுறைக்குள் பேசினால்தான் பொருந்தும். கவுன்ட் (நூலின் பருமனைச் சொல்லும் எண்) கேட்காமல் நீங்கள் நூல் வாங்குவீர்களா? அதே மாதிரிதான் இதுவும். முழு எண்ணையும் வாங்கிக்கொண்டு பிறகு விலை பேசுங்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வ ஆதரவு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. ஏழாம் தலைமுறை மெஷினிலும் குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றித் தருவார்கள், ஓடவும் ஓடும். ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. பேங்க் வேலையும் ஜிஎஸ்டியும் பார்க்கிற கடை மெஷினுக்கும் இதே கணக்குதான், அதனால்தான் அங்கே 8500 என்றேன்.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் போனால் குழப்பம் வேறு மாதிரி. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 2 என்றால் பழைய ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர். 3 என்றால் ஜென் 3, இந்த மாடலில் ஆறு கோர். விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் 7530யூ-வை விடாதீர்கள்.

சரி, உங்கள் மகளுக்கு என்ன தேவை? முதல் வருடம் நிரலாக்கம், வேர்ட், எக்செல், யூடியூப் பாடங்கள். இதற்கு எந்தப் புது லேப்டாப்பும் போதும். அடுத்த வருடங்களில் பாகங்களை வரைய ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், அவற்றைக் கணினியிலேயே சோதித்துப் பார்க்க ஆன்சிஸ் வரும். அங்கேதான் ரேம் இடிக்கும். 16 ஜிபி வாங்குங்கள். 2025 கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறியதால் உங்கள் பட்ஜெட்டுக்குள் 16 அமையாமல் போகலாம். அப்படியானால் 8 ஜிபி வாங்கலாம், ஆனால் பின்னால் ரேம் சேர்க்க ஒரு காலி ஸ்லாட் இருக்க வேண்டும். 'போட்டுக்கலாம் சார்' என்ற வாய்ப்பேச்சு போதாது. கடையில் டிஸ்ப்ளேக்கு வைத்திருக்கும் அதே மாடலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி. கீழே எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். ஃபார்ம் ஃபாக்டர் என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கலாம். அப்படி என்றால் தனி ஸ்லாட் உண்டா என்று கேளுங்கள், இல்லை என்றால் அந்த 8 ஜிபியோடுதான் நான்கு வருடமும் ஓட்ட வேண்டும். மேலே சொன்ன 7520யூ உள்ள லேப்டாப்புகளில் ரேம் இப்படிப் பற்றவைத்துத்தான் வரும்.

கிராஃபிக்ஸ் கார்டு விஷயத்தில் தம்பி மகன் சொல்வதில் பாதிதான் சரி. நூற்றுக்கணக்கான பாகங்கள் கொண்ட அசெம்ப்ளியைச் சுழற்றிப் பார்க்க கார்டு உதவும். மாணவர் அளவுக்கு ஒரு கிராங்க் ஷாஃப்ட், கியர் பாக்ஸ் வரைய ப்ராசஸருடன் வரும் கிராஃபிக்ஸே போதும், கனமான வேலைக்குக் கல்லூரி லேப் இருக்கிறது. அவன் சொல்கிற கேமிங் கார்டு எதுவும் சாலிட்வொர்க்ஸ் நிறுவனம் சான்றளிக்கும் பட்டியலில் வராது, அதில் இருப்பவை ஒர்க்ஸ்டேஷன் கார்டுகள். கேமிங் லேப்டாப் இரண்டு கிலோவுக்கு மேல் எடை, சார்ஜரும் செங்கல் மாதிரி. வகுப்புக்குத் தூக்கிப்போகிற பெண்ணிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒருவேளை கேம் ஆடத்தான் வேண்டும் என்று அவளே சொன்னால் அது வேறு கதை, பட்ஜெட்டும் வேறு.

திரையை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். மலிவு மாடல்களில் மங்கலான 250 நிட்ஸ் வெளிச்சமும் வெளிறிய 45 சதவீத என்டிஎஸ்சி நிறமும் சர்வசாதாரணம். படிக்கப் போதும், ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் பாருங்கள். நிறம் மாறிக் கறுத்தால் வேறு மாடலுக்குப் போங்கள். ஆன்லைனில் வாங்கினால், ஒரே பெயரில் திரையும் ரேமும் மாறி நாலைந்து ரகம் இருக்கும் என்பதால் முழு மாடல் நம்பரை ஒப்பிடுங்கள்.

விண்டோஸ் இல்லாமல் விலை குறைத்துத் தரும் மாடல் வேண்டாம், கடையில் ஏற்றித் தரும் திருட்டு ஆபீஸும் வேண்டாம். ஆட்டோகேட், இன்வென்டர் போன்றவற்றை ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு இலவசமாகவே தருகிறது, வருடாவருடம் புதுப்பித்துக்கொள்ளலாம்.

மேக்புக் நன்றாக உழைக்கும், பேட்டரியும் அருமை. ஆனால் சாலிட்வொர்க்ஸ், ஆன்சிஸ், டேலி மூன்றுக்கும் மேக்கில் ஓடும் பதிப்பு கிடையாது. மெக்கானிக்கல் மாணவிக்கு அது தினம் ஒரு தலைவலி.

பில்லில் ஒரு லாபம் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். கடை டெஸ்க்டாப்பை உங்கள் ஜிஎஸ்டி எண் போட்ட முறையான பில்லில் வாங்கினால் அந்த வரியை இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம், நீங்கள் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் சிறு சதவீதம் வரி கட்டும் முறை) இல்லாத பட்சத்தில். விற்கிறவர் முழு விலைக்கும் வரி போட்டு பில் தருகிறாரா என்று மட்டும் முன்கூட்டியே கேளுங்கள், சில ரீஃபர்பிஷ்டு கடைகளில் தர மாட்டார்கள். மகளின் லேப்டாப் சொந்த உபயோகம், அதை இதோடு சேர்க்கக் கூடாது. அந்த பில் அவள் பெயரிலேயே இருக்கட்டும், சீரியல் நம்பரும் அதில் வர வேண்டும். வாரன்ட்டிக்குக் கோவையிலேயே சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பார்த்துவிடுங்கள்.