ரிங்குக்கு அடியில் நிற்கும் மகளைப் பற்றி

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகளின் கூடைப்பந்துப் பயிற்சியால் படிப்பு கெட்டுவிடுமோ, பின்னாளில் இதனால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அவற்றைவிட, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: அணியிலேயே உயரமானவள் என்பதால் அவளை எப்போதும் ரிங்குக்கு அடியிலேயே நிறுத்துகிறார்கள்.

பெண் பிள்ளைகள் பூப்பெய்திய பிறகு பெரும்பாலும் இரண்டு, மூன்று அங்குலமே வளர்கிறார்கள். பள்ளி அணியில் சென்டராக, அதாவது ரிங்குக்கு அடியில் நிற்பவராக, ஆடப் போதுமான ஐந்தடி ஆறங்குலம், தேசிய அளவில் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர், ஆடும் உயரமாகிவிடும். கார்டாக ஆட வேண்டுமானால் இரண்டு கைகளாலும் பந்தைத் தரையில் தட்டியபடி நகரவும் (டிரிப்ளிங்), பந்தைக் குனிந்து பார்க்காமல் ஆட்டத்தைக் கவனித்துப் பாஸ் கொடுக்கவும், தொலைவிலிருந்து பந்தைப் போடவும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாண்டுகள் ரீபவுண்டு மட்டுமே, அதாவது ரிங்கில் விழாமல் திரும்பும் பந்தை மட்டுமே, எடுத்துப் பழகிய பெண்ணுக்கு, பிளஸ் டூ முடிக்கும் வேளையில் இவற்றில் ஒன்றும் கைவந்திருக்காது. இந்த ஆண்டுக் கோப்பைக்காகப் பள்ளிகள் இப்படிச் செய்கின்றன; தோற்றால் பதில் சொல்ல வேண்டியவர் பயிற்சியாளர் என்பதால் அவரை மட்டும் குறை கூறுவதும் நியாயமில்லை. போட்டியில் எங்கு வேண்டுமானாலும் ஆடட்டும், பயிற்சியிலாவது பந்தைக் கொண்டுவரும் பொறுப்பை அவளுக்குக் கொடுங்கள் என்று அவரிடம் தன்மையாகக் கேளுங்கள்.

ஒரு நாள் மைதானத்துக்கே போய், குதித்து இறங்கும்போது அவளுடைய முழங்கால்கள் உள்பக்கமாகச் சாய்கின்றனவா என்று பாருங்கள். முழங்கால் தசைநார்க் காயம் பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. மடங்கிய முழங்காலோடு மெதுவாக இறங்கும் பழக்கத்தை வார்ம்-அப்பிலேயே கற்றுத்தரும் பயிற்சியாளர் கிடைத்தால் அது உங்கள் நல்லூழ். மாதவிடாய் மாதக்கணக்கில் தவறினால், விளையாடும் பெண்ணுக்கு இது சகஜம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஓடும் ஓட்டத்துக்கேற்ற சாப்பாடு இல்லாததும் காரணமாக இருக்கலாம்.

படிப்பைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வும் அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கமும் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், உயர்நிலைப் பள்ளி வயதினருக்கு வாரத்துக்கு 14 மணி நேரத்துக்கு மேல் ஆட்டமும் பயிற்சியும் வேண்டாம், ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும் என்கின்றன. பத்தாம் வகுப்பிலும் இந்த அளவுக்குள் நின்றால் போதும். அடியோடு நிறுத்தத் தேவையில்லை.

பயன் உண்டு, ஆனால் எல்லோருக்கும் இல்லை. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை தெற்கு ரயில்வேக்கு ஆடி, இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த உயரம் எட்டாவிட்டாலும், கல்லூரிச் சேர்க்கையிலும் அரசுப் பணிகளிலும் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. அங்கே பள்ளி அணியில் ஆடியதைவிட, மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடிய சான்றிதழுக்கே மதிப்பு அதிகம். சான்றிதழ் ஒவ்வொன்றையும் வாங்கிய அன்றே, அதிலுள்ள பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவை பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று சரிபார்த்துவிடுங்கள்; நான்கு ஆண்டுகள் கழித்துத் திருத்தப் போனால் அலைச்சல்தான் மிஞ்சும்.