அழைப்பை மாற்றாமல் காசை மாற்றினால்

கேள்வி: அமெரிக்காவில் 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரை ஒரு போலீஸ்காரர் கொன்ற பிறகு ‘போலீஸ் நிதியைக் குறை’ என்று தெருவெல்லாம் முழங்கினார்கள். அந்தப் பணத்தை மனநல சேவைக்கும் இளைஞர் வேலைக்கும் திருப்பிவிட்டால் குற்றம் குறையும்தானே? ஏன் எந்த நகரமும் அதைச் செய்யவில்லை?

பதில்: செய்ததாகச் சொல்லிக்கொண்ட நகரங்கள் உண்டு. கணக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். டெக்சஸில் உள்ள ஆஸ்டின் நகர மன்றம் 2020 ஆகஸ்டில், சுமார் 43 கோடி டாலர் போலீஸ் பட்ஜெட்டிலிருந்து 15 கோடியை எடுப்பதாக அறிவித்தது. மூன்றில் ஒரு பங்கு! உடனடியாக வெட்டியதோ 2 கோடியைச் சற்றே தாண்டும். 8 கோடி அளவுக்கு, தடயவியல் ஆய்வகம், 911 என்ற அவசர எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுக்கும் மையம் போன்ற பிரிவுகளைப் போலீஸ் தலைப்பிலிருந்து எடுத்து வேறு தலைப்பில் எழுதுவதாகத் திட்டம். அதே ஆட்கள், அதே வேலை. இந்தச் சட்டைப் பையிலிருந்து அந்தச் சட்டைப் பைக்கு. மீதிப் பணம் ‘பிறகு யோசிக்கலாம்’ வகை. இதற்கே மாநில அரசு பொறுக்கவில்லை. இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரம் போலீஸ் பட்ஜெட்டைக் குறைத்தால் அதன் சொத்து வரி வருமானத்தை முடக்கலாம் என்று 2021-இல் சட்டம் வந்தது. அந்த ஆண்டே ஆஸ்டின் எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்து, மேலேயும் கொஞ்சம் சேர்த்தது.

நியூயார்க் அறிவித்த 100 கோடி டாலரும் இதே ரகம். பள்ளிப் பாதுகாவலர்களைக் கல்வித் துறைக் கணக்கில் எழுதுவதும், ஓவர்டைமைத் தாளில் குறைப்பதும் அதில் பெரிய பங்கு. ஓவர்டைம் தாளில் குறையும், தெருவில் குறையாது.

கத்தரிக்கோல் ஏன் இவ்வளவு மொண்ணை? மாநில, உள்ளூர் அரசுகள் போலீஸுக்குச் செலவிடுவதில் 95 சதவீதத்துக்கு மேல் சம்பளம், சலுகை, அன்றாட நடைமுறைச் செலவு. வண்டி, கருவி, கவச உடை என்று நாம் படத்தில் பார்ப்பது சொற்பம். எனவே உண்மையாகவே வெட்டுவதென்றால் ஆளைக் குறைக்க வேண்டும். ஆளைக் குறைத்தால் பெரும்பாலும் போலீஸ் சங்க ஒப்பந்தப்படி கடைசியில் சேர்ந்தவர்தான் முதலில் வெளியே போவார். புதுப் பயிற்சி பெற்றவர் போய்விடுவார். புகார்ப் பட்டியல் நீண்ட பழைய ஆள் இருப்பார். காலியிடங்களை ரத்து செய்யலாமே என்பீர்கள். அந்தக் காலியிடச் சம்பளத்தில்தான் ஓவர்டைம் ஓடுகிறது. ரத்து செய்த ஆறாவது மாதம் நிதித் துறை கூடுதல் ஒதுக்கீடு கேட்டு வந்து நிற்கும். ஃபிளாய்ட் கொல்லப்பட்ட மினியாபொலிஸில் இன்னொரு முட்டுக்கட்டை. மக்கள்தொகையில் ஆயிரத்துக்கு 1.7 பேர் போலீஸ் துறையில் இருந்தே ஆக வேண்டும் என்று நகரின் அடிப்படைச் சட்டமான சாசனமே சொல்கிறது. துறையைக் கலைப்போம் என்று மேடையில் உறுதிமொழி கொடுத்த நகர மன்ற உறுப்பினர்கள் அதை முன்பே புரட்டிப் பார்த்திருக்கலாம். 2021 நவம்பரில் சாசனத்தை மாற்ற வாக்கெடுப்பு வந்தபோது 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் முதல் பாதி. மாற்றுத் திட்டங்கள் பலன் தருமா? சில, நன்றாகவே. சிகாகோவில் வன்முறை மிகுந்த பகுதிப் பள்ளிகளில் படித்த இளைஞர்களுக்குக் குலுக்கல் முறையில் 8 வாரக் கோடை வேலை கொடுத்தார்கள். அடுத்த 16 மாதங்களில் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதானது 43 சதவீதம் குறைந்தது. பிலடெல்பியாவில் குப்பை சேர்ந்த காலிமனைகளைச் சுத்தம் செய்து புல் விதைத்து, தாழ்வான மரவேலி போட்டதில், ஏழைப் பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் இறங்கியது. ஆனால் எதிர்த்தரப்பு ஆதாரத்தையும் மறைக்கக் கூடாது. பெருநகரங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, கூடுதலாக 10 முதல் 17 போலீஸார் சேர்ந்தால் ஆண்டுக்கு ஒரு கொலை தவிர்க்கப்படுகிறது, அந்தப் பலன் தலைக்கணக்கில் கறுப்பின மக்களுக்கே அதிகம் என்கிறது. அதே ஆய்வு, சில்லறைக் குற்றங்களுக்கான கைதுகள் கூடுவதையும் அந்தச் சுமையும் கறுப்பின மக்கள்மேல் கூடுதலாக விழுவதையும் காட்டுகிறது. இரண்டு பக்கமும் தனக்குப் பிடித்த பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறது.

என் கருத்து இதுதான்: முதலில் மாற வேண்டியது அழைப்பு. யார் எதற்குப் போவது என்று மாற்றிய பிறகுதான் காசைத் தொட வேண்டும். டென்வர் 2020 ஜூனில் அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வேன், ஒரு மனநல நிபுணர், ஒரு மருத்துவ உதவியாளர். வார நாட்களில் காலை 10 முதல் மாலை 6 வரை. முதல் 6 மாதங்களில் 748 அழைப்புகளுக்குப் போனார்கள், ஒரு கைதும் இல்லை. அந்த வட்டாரங்களில் சிறு குற்றப் பதிவுகள் 34 சதவீதம் குறைந்ததாக ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

இதைப் பார்த்து வேன் வாங்க ஓடுபவர்கள் கோட்டை விடுவது அழைப்பு மையத்தை. தொலைபேசியை எடுப்பவருக்கு, எந்த வகை அழைப்பை யாருக்கு அனுப்புவது என்று எழுத்தில் விதி வேண்டும்: ஆயுதம் உண்டா, யாருக்காவது காயமா, மிரட்டலா. விதி இல்லையென்றால் நாளை வழக்கு வருமோ என்ற பயத்தில் போலீஸையே அனுப்புவார். வேன் சும்மா நிற்கும். இரண்டாவது, ஆளெண்ணிக்கை. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் உழைப்பார். ஓர் இருக்கையை இரவு பகலாக நிரப்ப 4.2 பேர், விடுப்பும் பயிற்சியும் சேர்த்தால் 5. வேனில் இரண்டு இருக்கை என்றால் பத்துப் பேர். மூன்றாவது, ஏற்றிய மனிதரை எங்கே இறக்குவது? மனநல சிகிச்சைப் படுக்கை இல்லாத ஊரில் அவர் மறுநாள் அதே முனையில் நிற்பார்.

இனி சேமிப்புக்கு வருவோம். ஓரிகனில் உள்ள யூஜீன் நகரில் 1989-இல் தொடங்கிய காஹூட்ஸ், போலீஸுக்குப் பதிலாக மனநல நெருக்கடி அழைப்புகளுக்குப் போன குழு. அது, மொத்த அழைப்புகளில் 17 சதவீதத்தைத் தாங்கள் பார்ப்பதாகச் சொன்னது. போலீஸ் துறை ஆராய்ந்து, உண்மையில் போலீஸிடமிருந்து விலகியது 5 முதல் 8 சதவீதம் என்றது. காரணம் எளிது: அந்தக் குழு போன பல இடங்களுக்குப் போலீஸ் போயிருக்கவே மாட்டார்கள். அந்த 5 சதவீதமும் பணமாக மாறிவிடாது. 200 போலீஸாருக்குத் நாளுக்குத் தலைக்கு அரை மணி நேரம் மிச்சமானால் ஒரு பணியிடமும் குறையாது. மிச்ச நேரம் துப்புத் துலக்கப் போகும். நாட்டில் கொலை வழக்குகளில் கணிசமான பகுதி துலங்காமல் கிடக்கும் காலத்தில் அது தப்பும் அல்ல.

ஆகவே சில ஆண்டுகளுக்கு இரண்டுக்கும் சேர்த்துச் செலவு செய்யத்தான் வேண்டும். நடமாடும் நெருக்கடிக் குழுக்களுக்கு, முதல் 3 ஆண்டுகள் செலவில் 85 சதவீதம் வரை, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட் வழியாக மத்திய அரசு ஏற்க 2021 சட்டம் வழி செய்தது. அதற்கு மாநிலம் முன்வர வேண்டும், குழு ஒவ்வொரு வருகைக்கும் முறையாக பில் போட வேண்டும். நகர மன்றத்தின் தயவில் மட்டும் ஓடுவது எவ்வளவு நாள் நிற்கும்? ஊரெல்லாம் உதாரணம் காட்டிய அதே காஹூட்ஸ், பணமில்லாமல் 2025 ஏப்ரலில் யூஜீனில் சேவையை நிறுத்தியது.

‘எந்த நகரமும்’ என்றீர்கள். நியூ மெக்சிகோவின் அல்புகெர்க்கி செய்திருக்கிறது. போலீஸ், தீயணைப்பு ஆகியவற்றுக்குச் சமமாக, சமூகப் பாதுகாப்புக்கென்று தனித் துறை. 2021-இல் அழைப்புகளை ஏற்கத் தொடங்கி, 2023 முதல் 24 மணி நேரமும் இயங்குகிறது. போலீஸ் பட்ஜெட்டை வெட்டி அதை ஆரம்பிக்கவில்லை.